கம்ப்யூட்டர் வாங்கப் போனோம்



அம்மாமார்களே, அக்காமார்களே, அண்ணன்மார்களே! இன்று உங்களுக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். இது எங்கள் தெருவில் நடந்த கதை.

நான் பெங்களூரில் இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எங்கள் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கே மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன்.

என் வகுப்புக்கு வருகிறவர்களில் 12 பெண்கள் சேர்ந்து ஒரு தையல் குழு வைத்திருக்கிறார்கள். ரவிக்கை தைக்கிறார்கள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறார்கள். ஆளுக்கு மாதம் 250 ரூபாய் சேர்த்தார்கள். மாதம் 3,000 ரூபாய் சேர்ந்தது. 15 மாதத்தில் 45,000 ரூபாய் ஆனது. அந்தப் பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். அந்தக் கதைதான் இது.

எதற்குக் கம்ப்யூட்டர்?

தையல் குழுவுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவிலும் அப்படித்தான் கேட்டார்கள்.

சீருடை கேட்கும் பள்ளிக்கு அச்சடித்த பில் தர வேண்டும். எந்தப் பிள்ளைக்கு என்ன அளவு என்று பட்டியல் தர வேண்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் வெளியே போய்க் காசு கொடுத்து டைப் செய்வோம். ஒருமுறை அவர்கள் அவசரத்தில் தப்பாக அடித்துவிட்டார்கள். இடுப்பு 26 அங்குலம் என்பது 36 என்று அச்சாகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்து வெட்டினோம். ஆறு பாவாடைத் துணி வீணாயிற்று. நஷ்டம் குழுவின் தலையில் விழுந்தது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தார்கள். "நம்ம கணக்கை நாமே அடிச்சுக்கணும். நாமே படிச்சுப் பாத்துக்கணும்" என்றார்கள்.

முதலில் அளவு எடுக்க வேண்டும்

துணியை வெட்டும் முன் என்ன செய்கிறோம்? அளவு எடுக்கிறோம். கம்ப்யூட்டர் வாங்குவதும் அப்படித்தான். கடைக்குப் போகும் முன் நம் வேலையை அளவெடுக்க வேண்டும்.

வகுப்பில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம்.

என்ன வேலை? கணக்கு எழுதுவது, பில் அடிப்பது, அளவுப் பட்டியல் போடுவது, அரசு விண்ணப்பங்களை இணையத்தில் நிரப்புவது, தையல் மாதிரிகளைப் படமாகப் பார்ப்பது, பிள்ளைகள் படிப்பது.

என்ன வேலை இல்லை? பெரிய விளையாட்டுகள் இல்லை. சினிமா வெட்டி ஒட்டும் வேலை இல்லை.

எத்தனை நாள் உழைக்க வேண்டும்? குறைந்தது ஐந்தாறு வருடம்.

எவ்வளவு பணம்? 45,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது.

இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனோம். கடைக்காரர் எதைக் காட்டினாலும், "இது எங்கள் தாளில் உள்ள வேலைக்குத் தேவையா?" என்று கேட்டோம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டர் ஒரே பொருள் அல்ல. பல பாகங்கள் சேர்ந்தது. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம். அப்படி வாங்கினால் ஒரு நன்மை. எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று நமக்குத் தெரியும். பிறகு ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம்.

தையற்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பாகங்கள் எளிதாகப் புரியும்.

பிராசஸர்: இது தைக்கிற ஆள். வேலை முழுவதையும் செய்வது இதுதான்.

ராம்: இது வெட்டுகிற மேசை. இப்போது நடக்கும் வேலையை இதன்மேல்தான் விரித்து வைக்க வேண்டும். மேசை சிறியதானால் வேலை தட்டுத் தடுமாறும். மின்சாரம் நின்றால் மேசையில் உள்ளது போய்விடும்.

எஸ்.எஸ்.டி.: இது பீரோ. கணக்கு, படம், பட்டியல் எல்லாம் இதற்குள் பத்திரமாக இருக்கும். மின்சாரம் நின்றாலும் அழியாது. முன்பு இந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க் என்ற சுழலும் தட்டு இருந்தது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லை. அதனால் பல மடங்கு வேகம்.

மதர்போர்டு: எல்லாப் பாகங்களையும் இணைக்கிற பெரிய பலகை.

எஸ்.எம்.பி.எஸ்.: வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் குறைத்து, 12 வோல்ட், 5 வோல்ட் என்று பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி.

கேபினெட்: இவற்றை எல்லாம் வைக்கும் கூடு.

வெளியே மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யூ.பி.எஸ். இருக்கும். மானிட்டர் என்பது படம் தெரியும் திரை. 22 அங்குல மானிட்டர் என்றால் அகலம் 22 அங்குலம் என்று நினைத்துவிடாதீர்கள். மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் 22 அங்குலம். டேப்பை வைத்து அளந்து பார்க்கலாம்.

ஏழு பெரிதா, ஐந்து பெரிதா?

எங்கள் பகுதியில் ஒருவர் பழைய கம்ப்யூட்டர் விற்கிறார். "ஐ7 இருக்கு. ஐ5ஐ விட ஒசத்தி. 15,000 கொடுங்க, போதும்" என்றார்.

ஏழு, ஐந்தை விடப் பெரியதுதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதற்குப் பின்னால் இன்னொரு எண் இருக்கிறது. அதையும் படிக்க வேண்டும்.

அவர் காட்டியது ஐ7-4770. இதில் முதல் எண் 4. இது இன்டெல் கம்பெனியின் நான்காம் தலைமுறை. 2013இல் வந்தது. நாங்கள் பார்த்து வைத்தது ஐ5-12400. இதில் முதல் இரண்டு எண்கள் 12. இது பன்னிரண்டாம் தலைமுறை. 2022இல் வந்தது. பழைய ஐ7இல் நான்கு ஆள் வேலை செய்கிறார்கள் என்றால், இந்த ஐ5இல் ஆறு ஆள் வேலை செய்கிறார்கள். ஒவ்வொருவரும் வேகமான ஆள்.

இன்னொரு விஷயமும் உண்டு. விண்டோஸ் 10க்கு இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11ஐ, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலும் அந்தக் கம்பெனி ஏற்பதில்லை. பழையது வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

ஏ.எம்.டி. என்ற கம்பெனியும் நல்ல பிராசஸர் செய்கிறது. அதன் ரைசன் வகையும் இந்த வேலைக்கு ஏற்றதுதான். நாங்கள் கேட்ட அன்று இன்டெல் எங்கள் பணத்துக்குள் வந்தது. அவ்வளவுதான்.

ஒரு எழுத்து கூட இருக்கே!

2025 ஜூன் மாதம். நாங்கள் நான்கு பேர் எஸ்.பி. ரோடுக்குப் போனோம். அதன் முழுப் பெயர் சாதர் பத்ரப்பா ரோடு. பெங்களூர் டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைகள்.

எங்களோடு ஒரு பெரியம்மா வந்தார். வயது 58. முந்தைய ஆண்டுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். எண்கள் நன்றாகத் தெரியும். ஆங்கில எழுத்து தெரியாது.

மூன்று கடைகளில் விலை கேட்டோம். ஒவ்வொரு கடையிலும், "பாகத்தின் பெயரும் விலையும் தாளில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினோம். முதல் கடையில் 42,000. இரண்டாம் கடையில் 40,000. மூன்றாம் கடையில் 43,500.

எனக்கு ஒரே சந்தோஷம். "இரண்டாம் கடையில் 2,000 ரூபாய் குறைவு. அங்கேயே வாங்கிவிடலாம்" என்றேன்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பெரியம்மா தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

திடீரென்று கேட்டார்: "கண்ணு, இந்தத் தாள்ல 12400ன்னு இருக்கு. அந்தத் தாள்லயும் 12400தான். ஆனா அதுக்குப் பின்னால ஒரு எழுத்து கூட இருக்கே. அது என்ன எழுத்து?"

பார்த்தேன். ஆங்கில எழுத்து 'எஃப்'. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

திரும்பக் கடைக்குப் போய்க் கேட்டோம். கடைக்காரர் சொன்னார்: "எஃப் போட்ட பிராசஸர்ல படம் காட்டுற வசதி உள்ளேயே இருக்காது. தனியா கிராபிக்ஸ் கார்டு போடணும். நாலாயிரம் ஆகும்."

"இதை ஏன் முன்னாலயே சொல்லலை?" என்றார் பெரியம்மா.

"நீங்க கேக்கலையே அம்மா" என்றார் அவர்.

2,000 ரூபாய் மிச்சம் என்று நினைத்தேன். உண்மையில் 2,000 ரூபாய் கூடுதல் செலவு. வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டிருந்தால் திரை கறுப்பாகவே இருந்திருக்கும். 12 பேருடைய பணம். அவர்கள் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

நான் வேகமாகப் படிக்கிறவள். வேகமாகப் படிக்கிற கண் தாண்டிப் போய்விட்டது. எழுத்துக் கூட்டிப் படித்த கண் பிடித்துவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறோமே என்று இனி யாரும் வெட்கப்படாதீர்கள்.

பொருத்தம் பார்க்க வேண்டும்

ரவிக்கைத் துணியும் லைனிங்கும் பொருந்த வேண்டும். அதுபோல் பாகத்துக்குப் பாகம் பொருந்த வேண்டும். மூன்று பொருத்தம் முக்கியம்.

ஒன்று: பிராசஸரும் மதர்போர்டும். பிராசஸர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். ஐ5-12400க்கு 1700 என்ற சாக்கெட் வேண்டும். மதர்போர்டு பெட்டியிலும் 1700 என்ற எண் இருக்க வேண்டும். ஏ.எம்.டி. பிராசஸர் அதில் உட்காராது.

இரண்டு: ராமும் மதர்போர்டும். ராமில் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று இரண்டு வகை இப்போது கடைகளில் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. மதர்போர்டு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். எங்கள் மதர்போர்டு டி.டி.ஆர்.4 கேட்டது. 8 ஜி.பி. ராம் இரண்டு வாங்கினோம். மொத்தம் 16. எங்கள் வேலைக்கு 8 இருந்தாலும் ஓடும். ஐந்தாறு வருடம் ஓட வேண்டுமே என்று 16 போட்டோம்.

மூன்று: கேபினெட்டும் மதர்போர்டும். மதர்போர்டில் சிறிய அளவும் உண்டு, பெரிய அளவும் உண்டு. கூட்டுக்குள் அது அடங்க வேண்டும்.

பளபளப்புக்கு மயங்காதீர்கள்

ஒரு கடையில் கண்ணாடிக் கேபினெட் காட்டினார்கள். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்கு எரிந்தது. எல்லோருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதோடு எஸ்.எம்.பி.எஸ். இலவசம் என்றார்கள்.

நாங்கள் வாங்கவில்லை. விளக்கு கணக்கு எழுதாது. இலவச எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட் தாங்கும் என்று தெரியாது. எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுப்பது அதுதான். அது மோசமாக இருந்தால் மற்ற பாகங்களையும் கெடுத்துவிடலாம். சாதாரணக் கேபினெட் வாங்கி, அந்தப் பணத்தை நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் போட்டோம்.

450 வாட் வாங்கினோம். எங்கள் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் ஓடினாலும் 200 வாட்டைத் தாண்டாது. அதனால் 450 தாராளம். பெட்டியில் '80 பிளஸ்' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கு அது அடையாளம்.

யூ.பி.எஸ். வேண்டாம், செலவு என்று சிலர் சொன்னார்கள். மின்சாரம் நின்றால் மேசையில் உள்ளது போய்விடும் என்று சொன்னேன் அல்லவா? யூ.பி.எஸ். சில நிமிடம் தாங்கும். அதற்குள் வேலையைப் பீரோவில் வைத்துவிட்டு ஒழுங்காக நிறுத்தலாம்.

வீட்டில் எர்த் இணைப்பு இருக்க வேண்டும். மூன்று முனைப் பிளக்கில் தடித்து நீண்ட முனை எர்த்துக்கு உரியது. அது சரியாக இல்லாவிட்டால் கேபினெட்டைத் தொடும்போது ஷாக் அடிக்கலாம். தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்த பிறகே சுவிட்சைப் போட்டோம்.

எங்கள் கணக்கு

முதல் கடையிலேயே வாங்கினோம். நாங்கள் கொடுத்த விலை இது:

பிராசஸர் - 13,000
மதர்போர்டு - 6,000
ராம் 16 ஜி.பி. - 3,500
எஸ்.எஸ்.டி. 500 ஜி.பி. - 3,200
எஸ்.எம்.பி.எஸ். - 3,000
கேபினெட் - 2,000
மானிட்டர் - 7,000
கீபோர்டு, மவுஸ் - 1,000
யூ.பி.எஸ். - 3,300
மொத்தம் - 42,000 ரூபாய்

நீங்களும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

மீதி 3,000 ரூபாய். அதில் எர்த் வேலை செய்தோம். ஒரு பென் டிரைவ் வாங்கினோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கணக்கை அதில் ஒரு நகல் எடுத்து வைக்கிறோம். பீரோ எவ்வளவு உறுதியானாலும் முக்கியமான பத்திரத்துக்கு நகல் வேண்டும் அல்லவா?

இது 2025 ஜூன் விலை. இதே விலையை எதிர்பார்த்துக் கடைக்குப் போகாதீர்கள். 2025 கடைசியில் ராம் விலை உலகம் முழுவதும் மிகவும் ஏறியது. செயற்கை நுண்ணறிவு வேலைக்காகப் பெரிய கம்பெனிகள் நினைவகச் சில்லுகளை ஏராளமாக வாங்கியது முக்கியக் காரணம். விலை மாறும். கேட்கும் முறை மாறாது. மூன்று கடையில் கேளுங்கள். எழுதி வாங்குங்கள். வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பணம் போதாவிட்டால் இப்போது 8 ஜி.பி. ராம் ஒன்று போடுங்கள். பிறகு இன்னொன்று சேர்க்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள்

ஒரு கடையில், "பில் இல்லாம வாங்கினா கொஞ்சம் கொறச்சுக்கலாம்" என்றார்கள். பில்லில் ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம் வரும். அது இல்லை என்றால் விலை குறைவுதான். ஆனால் நாளைக்குப் பொருள் பழுதானால் எதைக் காட்டிக் கேட்பது?

பில்லில் நாலு விஷயம் பாருங்கள். கடையின் பெயர், தேதி, பாகத்தின் முழுப் பெயர், பாகத்தின் வரிசை எண். பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எத்தனை ஆண்டு வாரண்டி என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் பிராசஸருக்கு 3 ஆண்டு. முத்திரை உடையாத பெட்டியில் வாங்கினோம். காற்றாடியும் அதற்குள்ளேயே இருந்தது.

கடையில் நியாயம் கிடைக்காவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம்.

காசில்லாமல் கிடைப்பது

கம்ப்யூட்டரை இயக்க ஒரு மென்பொருள் வேண்டும். விண்டோஸ் என்றால் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பணம் கட்டாமல் கள்ள நகல் போட்டுத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அது சட்டப்படி தப்பு. வைரஸும் கூடவே வரலாம்.

உபுண்டு என்ற மென்பொருள் இலவசம். கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. அதுவும் இலவசம். இரண்டிலும் தமிழில் எழுதலாம். நாங்கள் இவற்றைத்தான் போட்டோம். பழக ஒரு மாதம் ஆயிற்று.

இப்போது

இப்போது எங்கள் அளவுப் பட்டியல் தமிழில் வருகிறது. குழுவில் ஐந்து பேருக்கு டைப் செய்யத் தெரியும். அச்சடிக்க மட்டும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறோம். அடுத்த சேமிப்பு பிரிண்டருக்கு.

பட்டியல் அச்சாகி வந்ததும் நேராகப் பெரியம்மாவிடம்தான் போகும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார். 26 என்றால் 26தான் என்று பார்ப்பார். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்போம்.

என் கதை முடிந்தது. 

பேசிப் பார்ப்போம்

1. கடைக்குப் போகும் முன் தையல் குழு தாளில் என்ன எழுதியது?
2. ஐ7-4770, ஐ5-12400. இவற்றில் எது புதியது? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?
3. பெரியம்மா கவனித்தது என்ன? கவனிக்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்?
4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பில்லை எடுத்து வாருங்கள். அதில் தேதி, வரிசை எண், வாரண்டி இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள்.